சும்மா வந்தனான்

என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். ஆனால் கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கேற்றடிக்கு யார் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அவன்தான். மதில் தூணில் கமரா ஒன்றைப் பொருத்துவித்திருக்கிறான். அது கதைக்கவும் செய்யும். யாராவது கேற்றுக்கு முன்னால் வந்து நின்றால் அவனுடைய போன் அங்கே அடிக்கும். பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றாலும் சரி, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாலும் சரி, உடனே போனைத் தட்டி "ஆர் அது? என்ன அலுவல்?" என்று கேட்பான். ஒழுங்கையில் நிற்கிற மனிதருக்குத் தூணுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

முதல் கிழமை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பருத்தித்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் பயந்துபோய்ப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். கோயில் திருவிழா நோட்டீஸ் கொடுக்க வந்த பெரியவர் தூணைப் பார்த்துக் கைகூப்பிச் சுகம் விசாரித்தார். நானும் இதை அலுவலகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆத்திரம் அடங்கினபிறகு இதை எழுதலாம் என்று பார்த்தேன். அது அடங்குகிற பாடாக இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் என் ஆத்திரம் விளங்கும். அவர் முப்பத்துநான்கு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவர். அந்தப் பெயர் காகிதத்தில்தான். ஊருக்கு அவர் மிஸ்ஸி. வெள்ளைச் சேலையும் சைக்கிளும், குழந்தை நிறுக்கிற தொங்கு தராசு வைத்த பையுமாகக் கொக்குவிலின் ஒழுங்கைகள் எல்லாம் போய்வந்தவர். ஓய்வுபெற்றுப் பத்தொன்பது வருடமாகிறது. ஆனாலும் யாருக்கு எத்தனையாம் மாதம், யாருக்கு இரத்தம் போதாது, எந்தக் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். அவரை யாரும் அனுப்புவதில்லை, யாரும் கூப்பிடுவதுமில்லை. இப்போது ஸ்கூட்டரில் திரிகிற இளம் மிஸ்ஸியும் இதற்குக் கோபித்ததில்லை. ஒரு வீட்டில் தன் பேச்சு எடுபடாவிட்டால் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் சைக்கிளின் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு வீட்டில் மாமியார் ஒருவர் மருமகளைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன் பிள்ளைகள் பிறந்ததும் வீட்டில்தான், இதுவும் வீட்டில்தான் என்றார். மருமகளோ முகம் வெளிறிப்போய் இருந்தார். பெரிய டொக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, முற்றத்தில் நின்றபடியே ஏசினார். சட்டத்தைச் சொன்னார், பொலிஸைச் சொன்னார். மாமியார் எல்லாவற்றுக்கும் 'ஓம் ஐயா, ஓம் ஐயா' என்றார். ஜீப் ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா அந்த வீட்டுக்கு நான்கு நாள் தொடர்ந்து போனார். ஆஸ்பத்திரி என்ற சொல்லையே எடுக்கவில்லை. குசினிக்குள் இருந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார். மாமியாரின் முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தார். அவர் பெற்ற பிள்ளைகளின் கதைகளையெல்லாம் கேட்டார். ஒரு பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றதும், அது பிறந்த அன்றே போனதும் நான்காம் நாள்தான் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் அந்த மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு, உடுப்புப் பையும் கையுமாகத் தானே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன சொல்லி வெருட்டினீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்குப் பயம். அதை அவ வாய் திறந்து சொல்லுமட்டும் இருந்தனான், அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். என் மேசையில் ஒரு முத்திரை இருக்கிறது. அது விழுந்தால்தான் கடிதம் கடிதமாகும். அதனால் என் தகப்பன் வயதுள்ளவர்களும் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டுக் காத்து நிற்பார்கள். நான் லீவு எடுக்கிற நாளில் பக்கத்து மேசைப் பிள்ளை அதே முத்திரையைக் குத்துவாள். அவளையும் அதே பணிவோடு 'மிஸ்' என்பார்கள். அந்த மரியாதை யாருக்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதிகாரம் என்பது அவ்வளவுதான், முத்திரை யார் கையிலோ அவருக்கு.

அம்மாவிடம் முத்திரை இல்லை. ஆனால் அவர் சொன்னால் ஊர் கேட்டது. அதைச் செல்வாக்கு என்று சொல்லலாம். அந்தச் சொல்லையும் எங்கள் ஆட்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆளைப் பிடித்து அலுவல் முடிக்கிறவரைத்தான் செல்வாக்குள்ளவர் என்கிறார்கள். அம்மா தன் வாழ்நாளில் யாரையும் பிடித்ததில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் சொல்வதை அம்மா காதில் போட்டுக்கொள்வதேயில்லை. வெயிலில் போகாதேங்கோ என்பேன், போவார். ஐம்பது வயது கடந்த பிறகும் எனக்கு அது சுட்டது. நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில்.

போன மாரியில் அம்மா பிள்ளை பெற்ற வீடொன்றுக்குப் போகிற வழியில் சேற்றில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. இடுப்பிலும் அடி. அதன்பிறகு பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். தம்பி போனில் அழுதான். அந்த அழுகை உண்மை. அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் ஆத்திரப்படுவது எவ்வளவு சுலபம். இரண்டு கிழமைக்குள் ஆட்கள் வந்தார்கள். பழைய படலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளுயரத் தகரக் கேற் போட்டார்கள். தூணில் கமரா ஏறியது. ஊரில் களவும் வாள்வெட்டும் என்று அங்கேயிருந்து செய்தி படித்துப் படித்தே நடுங்குகிறவன் அவன். பிறகு கட்டளைகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. அம்மாவைத் தனியே வெளியே விடக்கூடாது. கேற் எந்த நேரமும் பூட்டியிருக்கவேண்டும். ஊர்ப் பெண்கள் நேரம் காலமில்லாமல் வந்து அம்மாவைக் களைக்கப்பண்ணக்கூடாது. எல்லாவற்றையும் 'அக்கா, நீங்கள்' என்று மரியாதையாகத்தான் எழுதுவான். நான் தூக்கி வளர்த்தவன்.

நானும் பூட்டினேன். காலை ஏழரைக்கு வேலைக்கு வெளிக்கிடும்போது கேற்றைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து திறப்பேன். முதல் நாள் நான் வந்தபோது அம்மா வெளியே போகிற சேலையோடு விறாந்தையில் இருந்தார்.

"கேற் பூட்டிக்கிடக்கு பிள்ளை" என்றார்.

"ஓம் அம்மா, தம்பி சொன்னவன்" என்றேன்.

அதன்பிறகும் நாலைந்து நாள் மூன்று மணிக்கு வெளிக்கிட்டுக் கேற்றடி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். பிறகு சேலை மாற்றுவதை விட்டுவிட்டார். வீட்டு உடுப்போடேயே பின்னேரம் முழுக்க இருக்கப் பழகினார். ஊரையே எழும்பி நடக்கவைத்த மனிசி, அசையாமல் இருக்கப் பழகினார்.

அம்மா போகாததால் பெண்கள் வந்தார்கள். எங்கள் பெண்கள் வருகிற விதம் ஒன்றிருக்கிறது. வந்த விஷயத்தை எவளும் படலையில் நின்று சொல்லமாட்டாள். என்ன பிள்ளை என்று கேட்டால் 'சும்மா வந்தனான்' என்பாள். உள்ளே வந்து, தேத்தண்ணி குடித்து, மழை வராததையும் முருங்கைக்காய் விலையையும் கதைத்து முடித்து, இனி வாறன் என்று எழும்பிப் படியில் செருப்பைப் போடுகிறபோதுதான் விஷயம் வெளியே வரும். அடிவயிறு நோகிறது என்பாள். இரண்டு நாளாய்க் குழந்தை துடிக்கவில்லை என்பாள். அம்மா அந்தச் செருப்புப் போடுகிற நேரத்துக்காகவே ஒரு மணித்தியாலம் முருங்கைக்காய்க் கதை கேட்பார். நாங்கள் எல்லோரும் இப்படித்தான். தெரியாத ஆம்பிளைக் குரலுக்கு, அதுவும் முகமில்லாத குரலுக்கு, தன் உடம்பைப் பற்றி எவள் சொல்வாள்? கமரா 'என்ன அலுவல்' என்று கேட்கும். 'சும்மா' என்பார்கள். 'அம்மா படுத்திருக்கிறா, பிறகு வாங்கோ' என்று தூண் சொல்லும். போய்விடுவார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு புதன்கிழமை நான் வந்து கேற்றைத் திறந்தபோது, அம்மா உள்பக்கத்தில் தகரத்தோடு ஒட்டி நின்றார். யாரோ ஒரு பிள்ளை வந்து கூப்பிட்டதாம். தான் எழும்பி வருவதற்குள் போய்விட்டதாம். குரல் யாருடையதென்று பிடிபடவில்லையாம். தம்பியிடம் கேட்டுப் பார் என்றார். அவருக்குத் தன் போனில் அழைப்பு வந்தால் எடுக்கத்தான் தெரியும். நான் பஸ்ஸில் நெரிபட்டு, பசியோடு வந்தவள். சாமான் விற்க யாராவது வந்திருப்பார்கள் என்றேன். அம்மா இன்னொரு தரமும் கேட்டார். நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். மறுநாள் மறந்துபோனேன்.

சனிக்கிழமை அந்த இளம் மிஸ்ஸி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சொன்னார். தண்டவாளத்துக்கு அங்கால், வாடகை வீட்டில் இருக்கிற பிள்ளை. வல்வெட்டித்துறையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தாய் இல்லை. புருஷன் மேசன் வேலைக்குப் போகிறவன். அவளுக்கு ஏழு மாதம். தலையிடி, கண் மங்கல் என்று இரண்டு நாள் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கிளினிக் அடுத்த கிழமைதானே என்று யாருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை வலிப்பு வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளை தப்பவில்லை. புதன்கிழமை பின்னேரம் அவள் எங்கள் கேற்றடிக்கு வந்ததாகச் சொன்னாள் என்று அந்த மிஸ்ஸி தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா எழும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் தம்பியிடம் புதன்கிழமைப் பதிவை அனுப்பச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் அனுப்பினான். தன் கமராவைப் பற்றி அவனுக்கு எப்போதும் பெருமை.

படம் கண்ணாடிபோல் தெளிவு. ஒரு பிள்ளை குடை பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒரு கையில் செருப்பு. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, கொதிக்கிற தார் றோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். முகமும் ஊதியிருக்கிறது. மதிலில் கையை ஊன்றி மூச்சு வாங்குகிறாள். "மிஸ்ஸி நிக்கிறாவோ?" என்று கூப்பிடுகிறாள். 'என்ன அலுவல்' என்று தூண் கேட்கிறது. அவள் திடுக்கிட்டுக் குடையைப் பிடித்த கையாலேயே வயிற்றை மறைக்கிறாள்.

"சும்மா வந்தனான்."

"அம்மா படுத்திருக்கிறா. பிறகு வாங்கோ."

கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். திரும்பிப் போகிறாள். அவள் படத்தை விட்டுப் போனபிறகு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மெல்லக் கேட்கிறது, "நில்லு பிள்ளை, வாறன்." பொல்லுச் சத்தம் கிட்ட வருகிறது. பிறகு கேற் குலுங்குகிறது. ஒருதரம். இன்னொருதரம் பலமாக. அவ்வளவுதான், பதிவு முடிந்துவிட்டது.

இதை அம்மா பார்த்திருந்தால் ஒரு கண்வெட்டே போதும். அந்தக் காலைப் பார்த்திருப்பார், அந்த முகத்தைப் பார்த்திருப்பார், ஓட்டோவுக்கு ஆள் அனுப்பியிருப்பார். தம்பியும் அதே காலைத்தான் பார்த்தான், கோப்பி குடித்தபடி. நான் போன் எடுத்துக் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படி யாரையும் ஏசியதில்லை. பத்தாயிரம் மைலுக்கு அங்காலிருந்து ஒரு வீட்டை ஆளுகிறாய் என்றேன். அம்மாவைச் சிறையில் போட்டாய் என்றேன். ஒரு உயிரைத் துரத்திவிட்டாய் என்றேன். அவன் முதலில் விளங்காமல் இருந்தான். புதன்கிழமை வந்த பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா வந்தனான் எண்டுதானே சொன்னவ, அக்கா" என்றான். "எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ இந்த ஊரிலைதானே பிறந்தனி? ஆர் இஞ்சை படலையிலை நிண்டு விஷயம் சொல்லுறது?"

அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் ஏசினேன். அம்மாவைப் பூட்டிவைத்த பாவம் உன்னைச் சும்மா விடாது என்றேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். சண்டைக்கு இழுக்கிற குரலில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்கிற குரல்.

"கேற்றைப் பூட்டச் சொன்னது நான்தான். ஆனா ரெண்டு திறப்பு தரச் சொன்னனானெல்லோ. ஒண்டு அம்மாக்கு எண்டு. அம்மாட்டைத் திறப்பு இல்லையோ?"

போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது திறப்பு என் அலுமாரியில், கேற் போட்டவர்கள் தந்த பிளாஸ்ரிக் பையைவிட்டு வெளியே எடுக்காமல் இருக்கிறது. அதை ஏன் அம்மாவிடம் கொடுக்கவில்லை என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன். கொடுத்தால் அவர் வெளியே போவார். அவன் எனக்குப் போன் எடுத்துக் குறை சொல்வான். அலுவலகத்தில் எனக்கு நிம்மதி இராது. இது ஒரு காரணம். வெட்கத்தோடு எழுதுகிறேன், மற்றதுதான் பெரிய காரணம். ஊரே கேட்டு நடக்கிற அம்மா, என் சொல்லை மட்டும் ஒரு நாளும் கேட்காத அம்மா, பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தால்தான் வெளியே வரலாம். எனக்கு அது பிடித்திருந்தது. முத்திரை குத்துகிறவளுக்கு வீட்டிலும் ஒன்று கிடைத்துவிட்டது. அதற்கு மரியாதையும் தேவையில்லை, யாரும் என்னை நம்பவும் தேவையில்லை. விரல் நீள இரும்பு கைப்பைக்குள் கிடந்தால் போதும். பழியை எடுத்துக்கொள்ளத் தூணில் தம்பி இருந்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவருக்குத் திறப்புக் கதை தெரியுமா, தெரியாதா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பிள்ளையை வீட்டுக்கு விட்ட அன்று அம்மா முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். நானும் கூடப் போனேன். தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறை புழுங்கியது. பிள்ளை இல்லை, ஆனால் பால் வந்துவிட்டது. நெஞ்சு கல்லுப்போல் கட்டி, காய்ச்சல் கொதித்தது. ஆரிடம் சொல்வதென்று தெரியாமல் கிடந்தாள். அம்மா புருஷனை வெளியே போகச் சொன்னார். சுடுதண்ணியும் துணியும் கேட்டார். கட்டிலில் இருந்து, முறிந்து பொருந்திய அந்தக் கையாலேயே மெல்ல மெல்ல ஒத்தடம் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசலடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்காமலே கதைத்தாள்.

"நான் வந்து கூப்பிட்டனான் மிஸ்ஸி. நீங்கள் வரேல்லை."

அம்மாவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை. கேட்டது. பஞ்சிப்பட்டு எழும்பாமல் கிடந்திட்டன். என்ரை பிழைதான்."

பிறகு துணியைச் சுடுதண்ணியில் தோய்த்துப் பிழிந்தார். இல்லை, கேற் பூட்டியிருந்தது, திறப்பு என்னிடம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் இருந்தது. அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, அப்போதுதான் என்னைக் கண்டாள். கதிரையில் கிடந்த உடுப்புகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, "நிக்கிறியள் அக்கா, இருங்கோ" என்றாள். நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.